செல்லாத ஏபிஐ கீக்கு ‘200’ என்று பதில் அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்
மாதக் கட்டண வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
இணைய வரைபடப் பிரிவு.

ஐயா,

மதுரையில் குடிநீர் கேன் வீட்டுக்கு அனுப்பும் தொழில் செய்கிறோம். எங்கள் இணையப் பக்கத்தில் உள்ள வரைபடத்தில் வீட்டைத் தொட்டுக் காட்டினால் வண்டி அங்கே போய்விடும். அந்த வரைபடம் தங்களுடையது; அதைக் கேட்கும்போது எங்கள் பக்கம் காட்டும் அடையாளக் குறியீடுதான் ஏபிஐ கீ.

கடந்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஓர் அம்மா போன் செய்து, “மேப் இருந்த இடத்தில் இங்கிலீஷில் ஏதோ வருகிறதே, பணம் கட்டச் சொல்கிறீர்களா?” என்று கேட்டார். திறந்து பார்த்தேன். சாம்பல் நிறச் சதுரம் ஒவ்வொன்றிலும் ‘கீ செல்லாது’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. செல்போன் திரையில் எண்ணினேன், பன்னிரண்டு முறை. தெருவும் இல்லை, கோயிலும் இல்லை, வைகையும் இல்லை. வைகையில் தண்ணீரைக் காணாதது எங்களுக்குப் பழக்கம்தான்; ஆற்றையே காணாதது அன்றுதான்.

பிழையின் தொடக்கம் எங்களிடம்தான். முந்தைய இரவு தள முகவரியை மாற்றியவர்கள், கீயில் அனுமதித்த முகவரிப் பட்டியலில் புதியதைச் சேர்க்க மறந்துவிட்டோம். ஆனால் ‘இந்த முகவரிக்கு அனுமதி இல்லை’ என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ‘செல்லாது’ என்றதால், பழைய பட்டியலையே வைத்துப் புதுப்புதுக் கீயாக உருவாக்கி நான்கு மணி நேரம் வீணாக்கினோம்.

என் உண்மையான கோபம் வேறு. எங்கள் பக்கம் லீஃப்லெட் என்ற வரைபட நிரல் தொகுப்பில் எழுதப்பட்டது. டைல், அதாவது வரைபடத்தின் ஒரு சதுரத் துண்டு, வராவிட்டால் ‘டைல்எரர்’ என்று அது தெரிவிக்கும். உடனே முகவரியை எழுதித் தரும் பெட்டி திறக்கும்படி முன்யோசனையோடு செய்திருந்தோம். அன்று அந்தப் பெட்டி திறக்கவே இல்லை. தங்கள் சர்வர் மறுப்பைப் படமாக வரைந்து, ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 என்ற எண்ணோடு அனுப்பியிருக்கிறது. லீஃப்லெட்டைப் பொறுத்தவரை எல்லா டைலும் ஒழுங்காக வந்து சேர்ந்தன! எண்ணை மட்டும், அனுமதி மறுப்பைக் குறிக்கும் 403 என்று மாற்றினாலும் போதாது. கூடவே படம் வந்தால் பிரவுசர் அதையும் வரைந்துவிடும். படமே வேண்டாம், காரணத்தை எழுத்தில் அனுப்புங்கள், எங்கள் நிரல் படித்துக்கொள்ளும்.

பதினொரு மணிக்குச் சரிசெய்த பிறகும் தொல்லை தீரவில்லை. அந்தப் படங்களை 86,400 விநாடி, அதாவது ஒரு நாள் முழுக்கச் சேமித்துவைக்கும்படி தங்கள் சர்வரே பிரவுசருக்குச் சொல்லியிருந்தது. காலையில் பக்கத்தைத் திறந்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை வரை அதே சாம்பல் சதுரம்தான். கேட்டதற்குத் தங்கள் உதவிப் பிரிவு, “கேஷை அழிக்கச் சொல்லுங்கள்” என்றது; கேஷ் என்பது பிரவுசரின் அந்தச் சேமிப்பு. தண்ணீர் கேன் கேட்டுப் போன் செய்கிறவரிடம் கேஷை அழியுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது?

பிழைப் பதில்களைச் சேமிக்க வேண்டாம் என்று குறித்து அனுப்புங்கள். செல்லாத கீ, அனுமதியில்லாத முகவரி, தீர்ந்துபோன பயன்பாட்டு அளவு மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமைக்கான கட்டணத்தை அடுத்த பில்லில் கழித்துவிடுங்கள். திங்கட்கிழமைக்கு நான் கேட்கவில்லை.

திரைப் படங்களையும் சர்வர் பதிலின் தலைப்பு வரிகளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்