தம்பிக்கு, பிட்ஸ்பர்க்கிலிருந்து அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

"நல்லா இருக்கேன்ப்பா" என்று நீ அனுப்பிய வரியைப் பார்த்தேன். சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நேரத்துக்குச் சாப்பிடு.

நான் எழுத உட்கார்ந்தது உன் ராப் பாடகன் மேக் மில்லரைப் பற்றி. 2025 ஜனவரியில் 'பலூனரிசம்' ஆல்பம் வந்ததே, அவன் 2014 வாக்கில் பதிவு செய்து வைத்திருந்தது, அதை நீ அனுப்புவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பெல்லாம் அவன் பாட்டு ஒன்று வந்தால் எனக்கு லிங்க் வராமல் அந்த நாள் முடியாது. சரி என்று நானே தேடிக் கேட்டேன், அப்புறம் பழையது எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

ஃப்ரிக் பார்க்கில் மேட்டுச் சரிவோடு இறங்கும் அந்த நீலச் சறுக்கில் நீ அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் போட்டுக்கொண்டு வழுக்குவாயே, அதன் பெயரில்தான் 2011ல் 'ப்ளூ ஸ்லைடு பார்க்' போட்டான். வயது 19. வெளியிட்டது நம்மூர் ரோஸ்ட்ரம், பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை, ஆனாலும் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் நேராக முதலிடம். ஒருவருடைய முதல் ஆல்பம், சின்னக் கம்பெனி வழியாக வந்து, அப்படி முதலிடம் பிடித்தது 1995க்குப் பிறகு அதுதான். உன் பள்ளிக்கூடத்தில் படித்த பையன் என்பதால் நீயே சாதித்த மாதிரி வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அதே ஆல்பத்துக்குப் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு ஒன்றுதான் போட்டது. அதோடு அவன் முடிந்தா போனான்? லாரி ஃபிஷர்மேன் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு தானே பீட் போட ஆரம்பித்தான். 2013ல் வந்த 'வாட்சிங் மூவீஸ் வித் தி சவுண்ட் ஆஃப்' கேட்டால் அதே பையனா என்று இருக்கிறது. ஓர் இடத்தில் சரிப்படவில்லை என்றால் இன்னொரு இடம், தம்பி. வேலையைப் பற்றிக் கேட்டால் நீ பேச்சை மாற்றுகிறாய், அதனால் சொல்கிறேன். உன் கைவேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

'ஸ்விம்மிங்'கில் '2009' என்று ஒரு பாட்டு. முதலில் வயலின்கள் மட்டும்தான் நிதானமாகப் போகின்றன, எப்போது வாய் திறப்பான் என்று காத்திருக்கிறோம், அப்புறம் பியானோ வருகிறது, அதன்மேல் அவசரமே இல்லாமல் பேசுகிற மாதிரி பாடுகிறான். டைனி டெஸ்க் என்கிற இசை நிகழ்ச்சியிலும் நரம்பிசைக்காரர்கள் நால்வரை வைத்துக்கொண்டு அதைப் பாடினான். அந்தக் குரலில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. ஆல்பம் வந்தது 2018 ஆகஸ்ட் 3. செப்டம்பர் 7 அன்று, நீ இப்போது இருக்கிற அதே லாஸ் ஏஞ்சலஸில், ஸ்டுடியோ சிட்டி வீட்டில் போய்விட்டான். 26 வயது. ஃபென்டனில் என்ற வலிமருந்து, கொக்கெயின், மது மூன்றும் சேர்ந்து என்று அறிக்கை சொன்னது. அடுத்த வருடம் 'ஸ்விம்மிங்' கிராமிக்குப் போனபோது அவன் இடத்தில் அவனைப் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பரிசும் வேறொருவருக்குப் போனது. அந்த அப்பாவை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் சின்ன மாமா விஷயம் உனக்கே தெரியும், நான் எழுதவில்லை. அவரும் எப்போது போன் செய்தாலும் நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னார்.

அவன் பாதியில் விட்டுப்போன பாட்டுகளை இசைத் தயாரிப்பாளர் ஜான் பிரையன் முடித்துக் கொடுத்து 2020ல் 'சர்க்கிள்ஸ்' வந்தது. அதில் 'குட் நியூஸ்' கேள். எல்லாருக்கும் நல்ல சேதி மட்டும்தான் வேண்டும், நான் சோர்ந்து கிடந்தால் யாருக்கும் பிடிக்கவில்லை என்று பாடுகிறான். என்னிடம் அப்படி இருக்காதே, தம்பி. வேலை போயிருந்தால் போயிருக்கிறது என்று சொல். கடன் என்றால் கடன். வேறு ஏதாவது பழக்கம் என்றாலும் சொல், நான் கத்த மாட்டேன், அம்மாவிடம் சொல்லாதே என்றால் சொல்ல மாட்டேன், அடுத்த ஃபிளைட்டில் வந்து உன்னோடு இருப்பேன். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே. உனக்கு ராத்திரி 12 என்றால் இங்கே 3 மணி, அதைப் பார்த்துக்கொண்டு இருக்காதே, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன், கூப்பிடு. மெசேஜ் வேண்டாம், உன் குரல் கேட்க வேண்டும்.

அப்பா