ஜாமூனுக்கு ஏது கம்பிப் பாகு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளியை ஒட்டி உங்கள் நாளிதழோடு வந்த பலகாரச் சிறப்பு இணைப்பில் குலாப் ஜாமூன் செய்முறை இருந்தது. படம் அழகாக இருந்தது. பாகுதான் தப்பு. 'சர்க்கரையை ஒற்றைக் கம்பிப் பதத்தில் காய்ச்சிக்கொள்ளவும்' என்று போட்டிருக்கிறீர்கள். ஜாமூனுக்குக் கம்பிப் பாகு, அதாவது விரலில் தொட்டுப் பிரித்தால் நூல் வருகிற பாகு, வைக்கவே கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். பாகு விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

என் மருமகள் வங்கியில் வேலை பார்ப்பவள். பண்டிகைக்கு முந்தின நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, உங்கள் இணைப்பை அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, வரி பிசகாமல் செய்தாள். "இந்த வருஷம் இனிப்பு என் பொறுப்பு அத்தை, நீங்க எட்டிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டதால் நான் கூடத்தில் உட்கார்ந்து முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, அவள் அம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று பாத்திரத்தைத் திறந்தால், ஜாமூன் மேலெல்லாம் வெள்ளையாகச் சர்க்கரை பூத்திருக்கிறது. அடியில் பாகு கற்கண்டு மாதிரி உறைந்து கிடக்கிறது. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தோம். நடுவில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வேகாத மாவு. அவள் முகம் சுண்டிப் போய்விட்டது. "எனக்குக் கைராசி இல்லை அத்தை" என்றாள். கைராசியாவது ஒன்றாவது! எழுதியிருந்தபடி செய்தவள் மேல் என்ன தப்பு?

நான் அரசுப் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள். கரைசல்கள் பாடத்தில் 'தெவிட்டிய கரைசல்' என்று ஒன்று வரும். தண்ணீர் இதற்கு மேல் கரைக்க முடியாது என்று கைவிரிக்கிற நிலை. எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள். சர்க்கரைக்கென்றே வைத்ததுபோல இருக்கும். அறை வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். பாகைக் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகிப் போய், மிச்சம் இருக்கிற தண்ணீருக்குச் சர்க்கரை அதிகமாகிக்கொண்டே வரும். ஒற்றைக் கம்பி வரும்போது, அதாவது 105 டிகிரி செல்சியஸ் வாக்கில், அந்த அளவைத் தாண்டிவிடும். சூடாக இருக்கும் வரை தெரியாது. ஆறியதும் அதிகப்படியான சர்க்கரை படிகமாக வெளியே வந்துதான் ஆகவேண்டும். எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் ராத்திரி நடந்தது அதுதான்.

பாதுஷாவுக்கு இதே கம்பிப் பாகு சரி. அதில் முக்கி எடுத்துத் தட்டில் வைத்தால் மேலே வெள்ளையாகப் பூக்க வேண்டும், அதுதான் பாதுஷாவுக்கு அழகு. ஜாமூன் அப்படியில்லை. அது பாகிலேயே கிடந்து குடிக்க வேண்டிய பண்டம். கெட்டிப் பாகு அதன் உள்ளே இறங்காது. அதே இணைப்பில் முந்தின பக்கத்தில் பாதுஷா இருந்தது. அங்கே இருந்த பாகு வரியை அப்படியே இங்கேயும் ஒட்டிவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஜாமூனுக்கு வேண்டியது பிசுபிசுப்புப் பதம். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் தொட்டால் எண்ணெய் மாதிரி ஒட்ட வேண்டும், பிரித்தால் நூல் வரக்கூடாது. நான் 400 கிராம் சர்க்கரைக்கு 400 மில்லி தண்ணீர் வைப்பேன். கரைந்து கொதி வந்தபின் எட்டு நிமிடம், மிஞ்சிப் போனால் பத்து. கடைசியில் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. அதிலுள்ள அமிலம் சர்க்கரையில் ஒரு பங்கை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடும். அவை கூட இருந்தால் சர்க்கரை லேசில் படிகம் கட்டாது. என் அம்மாவுக்கு இந்த வேதியியலெல்லாம் தெரியாது, ஆனால் எலுமிச்சம்பழம் இல்லாமல் பாகு வைக்கமாட்டாள். அப்புறம் ஏலக்காய். பன்னீர் கிடைத்தால் அதுவும் ஒரு சொட்டு. குலாப் என்ற பாரசீகச் சொல்லுக்கே பன்னீர் என்றுதான் அர்த்தம், ஜாமூன் என்றால் நாவல்பழம்.

எண்ணெய் விஷயத்துக்கும் வருகிறேன். 'எண்ணெய் நன்கு காய்ந்து புகை வரும்போது உருண்டைகளைப் போடவும்' என்று எழுதியிருந்தீர்கள். வடைக்கே புகை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜாமூன் மாவில் சேரும் கோவாவில், அதாவது சுண்டக் காய்ச்சிய பாலில், பால் சர்க்கரையும் புரதமும் இருப்பதால் சட்டென்று கறுத்துவிடும், உள்ளே வேகாது. அந்தக் கொட்டைப்பாக்கு இப்படி வந்ததுதான். கடுகளவு மாவைப் போட்டால் அது அடியில் போய் உட்கார்ந்து, சின்னச் சின்னக் குமிழி விட்டு, நிதானமாக மேலே வரவேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 130 முதல் 140 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளலாம். போட்டபின் கரண்டியால் எண்ணெயைத்தான் கிளறிவிட வேண்டும், உருண்டையைக் குத்தக்கூடாது. பொரிந்ததை ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான பாகில் போட வேண்டும். கொதிக்கிற பாகில் போட்டால் சுருங்கும் அல்லது உடையும். ஆறிய பாகில் போட்டால் குடிக்காது. இரண்டு மூன்று மணி நேரம் ஊறட்டும். ஊறி உப்பும், அதனால் அகலமான பாத்திரம் வேண்டும்.

மாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் பெரிய குறை இல்லை. 'கப்' கணக்குதான் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே நாலு அளவில் கப் இருக்கிறது, உங்களுடையது எது? நான் 200 கிராம் சர்க்கரை சேர்க்காத கோவாவுக்கு 50 கிராம் மைதா, இரண்டு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டு, பால் தெளித்துப் பிசைவேன். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால் இழுவையாகப் போய்விடும். 25 உருண்டை வரும். 'சர்க்கரை சேர்க்காத' என்பதை அடிக்கோடிட்டுப் போடுங்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த அருமையான பால்கோவாவை மாவில் பிசைந்து ஜாமூன் போட்டார். எண்ணெயில் விழுந்ததும் கருகி, விரிந்து, அடியில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பால்கோவாவை அப்படியே சாப்பிட்டிருக்கலாம், எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

பாக்கெட் மாவில் செய்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கோவா எடுக்க ஒரு மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எங்கே முடியும்? ஆனால் பாக்கெட்டோ கோவாவோ, பாகு எல்லோருக்கும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டு ஜாமூனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பூத்த பாகில் ஒரு டம்ளர் வெந்நீரும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டு, சின்னத் தீயில் வைத்தேன். சர்க்கரை கரைந்துவிட்டது. நடுவில் வேகாததை என்ன செய்ய முடியும்? பிள்ளைகள் சுற்றியிருந்ததைத் தின்றுவிட்டு நடுவைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்கள். சம்பந்தி வீட்டுக்கு முறுக்கு மட்டும் போனது.

ஒரு ஊர்ப் பெயர் பிழையாக வந்தால் மறுநாள் 'திருத்தம்' என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். சமையல் குறிப்பில் பதம் தவறினால் ஏன் போடுவதில்லை? அச்சுக்குப் போவதற்கு முன் அலுவலகத்தில் யாராவது ஒருவர் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வரக்கூடாதா? கடிதப் பகுதியில் என் பெயர் வரவேண்டும் என்றில்லை. மருமகள் சுவரில் ஒட்டிய தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதில் 'ஒற்றைக் கம்பி' என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்து, 'பிசுபிசுப்பு போதும்' என்று எழுதியிருக்கிறேன். நீங்களும் கட்டம் கட்டி அந்த ஒரு வரியைப் போடுங்கள். பொங்கலுக்கு மறுபடி செய்து பார்க்கப் போகிறாளாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
திருச்சி