கார்த்திக்கு, வேகஸ் கிளம்பும் முன்

அன்புள்ள கார்த்தி,

காசினோவில் போக்கர் எப்படி ஆடுவது என்று போனில் நீ கேட்டபோது மழுப்பிவிட்டேன். பக்கத்தில் அப்பா இருந்தார். பெற்ற பிள்ளைக்குச் சீட்டாடச் சொல்லிக்கொடுக்கும் ஒரே அம்மா நீதான் என்று ஆரம்பித்திருப்பார். அவர் அட்லாண்டிக் சிட்டிக்கு வந்தால் ஸ்லாட் மெஷின் முன்னால் மணிக்கணக்காகப் பட்டனைத் தட்டிக்கொண்டிருப்பார், அது மட்டும் சூதாட்டத்தில் சேராதாம். சரி, அதை விடு.

ஆபீஸ் நண்பர்களோடு போகிறாய், ஒரு தடவையாவது காசினோவில் உட்கார்ந்து போக்கர் ஆடிப் பார்க்க வேண்டும் என்கிறாய். ஆடு. வேண்டாம் என்றால் மட்டும் கேட்கப் போகிறாயா? ஆனால் ஆப்பில் ஆடியதை நம்பி எல்லாம் தெரியும் என்று போய் உட்காராதே. ஆப்பில் உன் முறை வந்தால்தான் பட்டனே தெரியும். எவ்வளவு போட வேண்டும், யார் ஜெயித்தார்கள் என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். மேஜையில் அதெல்லாம் உன் கையிலும் உன் வாயிலும் இருக்கிறது. முதல் நாள் வருகிறவர்கள் பாதிப் பணத்தைச் சீட்டால் விடுவதில்லை, கை பதறி விடுகிறார்கள்.

போக்கர் அறைக்குப் போகும் வழியில் ரூலட் என்ற சுழல்சக்கர ஆட்டத்தின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். நிற்காதே. இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 38 கட்டம், ஓர் எண்ணில் கட்டி ஜெயித்தால் ஒன்றுக்கு 35 தருவார்கள். நூறு டாலருக்குச் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் அவர்களுக்குப் போய்விடும். வேகஸில் மூன்று பூஜ்யம் போட்ட சக்கரமும் வந்துவிட்டது, அதில் 7 டாலர் 69 சென்ட். இத்தனை வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவளுக்கு அங்கே நிற்கவே மனம் வராது.

போக்கரில் காசினோ உன்னோடு ஆடுவதில்லை. மேஜையும் சீட்டுப் போடும் டீலரும்தான் அவர்களுடையது. நீ ஆடுவது பக்கத்தில் இருக்கிறவரோடு. நடுவில் சேரும் பணத்திலிருந்து காசினோ ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், அதற்கு ரேக் என்று பெயர். பெரும்பாலும் பத்து சதவீதம், ஐந்தாறு டாலரோடு நின்றுவிடும். ஜாக்பாட்டுக்கு என்று ஒன்றிரண்டு டாலர் தனியாகப் போகும். ஜெயித்தால் டீலருக்கு ஒரு டாலர் டிப் கொடு, அவர்கள் பிழைப்பு பெரிதும் அதில்தான் இருக்கிறது. ஆக, மேஜையில் எல்லோரையும்விடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது. இந்தச் செலவையும் தாண்டும் அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். அதனால்தான் அதைத் தொழிலாக நினைக்காதே என்கிறேன். சினிமாவுக்குச் செலவு செய்வது போல நினைத்துக்கொள்.

பெலாஜியோ, ஆரியா, வின் என்று எந்தக் காசினோவுக்குப் போனாலும் முகப்பில் ஒருவர் பட்டியலோடு நிற்பார். "1-3 நோ லிமிட்" என்று சொல்லிப் பெயர் கொடு. சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் பணம்தான் பிளைண்ட்; ஸ்மால் பிளைண்ட் ஒரு டாலர், பிக் பிளைண்ட் மூன்று டாலர், கையில் இருப்பது எல்லாவற்றையும் பந்தயம் கட்டலாம் என்று அர்த்தம். பெரும்பாலும் அதுதான் இருப்பதில் சின்ன ஆட்டம். 200 டாலருக்குச் சிப், அதாவது பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை, வாங்கிக்கொண்டு உட்கார். சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100. உட்கார்ந்ததும் டீலரிடம், நேரில் ஆடுவது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிடு. இதில் வெட்கமே வேண்டாம். உன் முறை எப்போது, எவ்வளவு என்று அவர்களே சொல்லுவார்கள்.

இனி முக்கியமானது. மூன்று டாலர் பந்தயம் இருக்கிறது, நீ அதை 15 ஆக்க நினைக்கிறாய். கையில் ஒரு பச்சை சிப் இருக்கிறது, பேசாமல் எடுத்து முன்னால் வைக்கிறாய். அது ரெய்ஸ், அதாவது பந்தயத்தை உயர்த்துவது, ஆகாது. வாய் திறக்காமல் ஒற்றைப் பெரிய சிப் வைத்தால் அது வெறும் கால், அதாவது இருக்கும் பந்தயத்துக்கு ஈடு கொடுப்பது, மூன்று டாலர் போக மீதி 22 உனக்கே திரும்பி வரும். கையில் இரண்டு ஏஸ் வைத்துக்கொண்டு இப்படி மாட்டிக்கொண்டு விழிக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி, முதலில் கொஞ்சம் சிப் வைத்துவிட்டு, எதிராளி முகத்தைப் பார்த்து, திரும்ப உன் சிப் அடுக்கிலிருந்து எடுத்துப் போடக் கூடாது. "உன் இருபது, அதுக்கு மேல நாற்பது" என்று சினிமாவில் பேசுவார்களே, அங்கே அப்படிப் பேசினால் இருபதோடு நின்றுவிடும். எனவே, எப்போதும் சிப்பைத் தொடும் முன் வாயால் சொல்: "ரெய்ஸ், பதினைந்து." சொன்ன சொல் செல்லும். அப்புறம் நிதானமாக எண்ணி வை.

சீட்டின் மேல் ஒரு சிப்பை எப்போதும் வைத்திரு. டீலரின் இரண்டு பக்கத்திலும் உட்காருகிறவர்கள் சீட்டைச் சும்மா விட்டுவைத்தால், ஆட்டம் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட சீட்டு என்று நினைத்து டீலர் வாரிக்கொள்வார். போனது போனதுதான், எவ்வளவு கத்தினாலும் அநேகமாகத் திரும்பி வராது. சீட்டைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தூக்காதே. இரண்டு கையாலும் மறைத்து, ஓரத்தை மட்டும் கட்டைவிரலால் மடக்கிப் பார். அதையும் உன் முறை வரும்போது பார். அதுவரைக்கும் மற்றவர்கள் தங்கள் சீட்டைப் பார்க்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டிரு. வந்த சீட்டு பிடித்துவிட்டால் சிலர் சட்டென்று தங்கள் சிப்பை ஒரு பார்வை பார்ப்பார்கள். சிலருக்கு முதுகு நிமிரும்.

நீங்கள் நாலு பேரும் தமிழ்ப் பையன்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். ஆட்டம் நடக்கும்போது மேஜையில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்பது அங்கே பல அறைகளில் விதி. "டேய், இவன்கிட்ட ஒண்ணும் இல்லடா" என்று விளையாட்டுக்குச் சொன்னாலும் கூட்டுச் சேர்ந்து ஆடுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நண்பன் கையில் ஆட்டம் இருக்கும்போது நீ தூக்கிப் போட்ட சீட்டு என்ன என்றும் சொல்லாதே. முடிந்தால் வேறு வேறு மேஜையில் உட்காருங்கள்.

கடைசியில் காட்டும் நேரம் வந்தால் இரண்டு சீட்டையும் நிமிர்த்திப் போடு, அவ்வளவுதான். ஜெயித்தாயா, தோற்றாயா என்று நீ சொல்ல வேண்டாம், டீலர் படித்துக்கொள்வார். எதிராளி "ஃப்ளஷ்" (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) என்று வாயால் சொன்னதை நம்பிச் சீட்டை எறிந்துவிடாதே. அவர் சீட்டைக் கண்ணால் பார்க்கும்வரை, ஜெயித்தால் பணம் உன் பக்கம் தள்ளப்படும்வரை, உன் சீட்டு உன் முன்னாலேயே இருக்கட்டும்.

இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழகாதது வேறு ஒன்று இருக்கிறது: அங்கே எல்லாம் மெதுவாக நடக்கும். ஆப்பில் நாலு மேஜையை ஒரே நேரத்தில் திறந்துவைத்து ஆடியவன் நீ. நேரில் மணிக்கு 25, 30 ஆட்டம்தான். அதில் நல்ல சீட்டு எத்தனை வரும் என்று நினைக்கிறாய்? இரண்டு ஏஸ் 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை. கணக்குப்படி ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு தடவை பார்க்கலாம், பார்க்காமலும் எழுந்து வரலாம். நடுவில் என்ன செய்வது? தூக்கிப் போடுவதுதான். பத்து ஆட்டத்தில் எட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, முகத்தில் சலிப்பு காட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் ஊர் ரம்மியில் பெரியப்பா எப்போதும் முதல் ஸ்கூட் விட்டுவிட்டு வெற்றிலை போட ஆரம்பிப்பார், ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் அவரைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள், ராத்திரி முடியும்போது காசு அவரிடம்தான் இருக்கும்.

ஒன்பது பேர் மேஜையில் ஒரு சுற்றுக்கு பிளைண்ட் 4 டாலர், மணிக்கு ஏறக்குறைய மூன்று சுற்று. ஒன்றுமே ஆடாமல் இருந்தாலும் மணிக்கு 12 டாலர் போகும். அந்தப் பன்னிரண்டுக்குப் பயந்துதான் ஜனங்கள் ஒன்பதையும் ஜாக்கையும் வைத்துக்கொண்டு ஆடி இருநூறை விடுகிறார்கள். பெரிய ஜோடி, ஏஸ்-கிங், ஏஸ்-குயின், இவற்றை ஆடு. சுற்றுக்குச் சுற்று நகரும் பட்டன் என்ற வட்ட வில்லை உன் முன்னால் இருக்கும்போது கடைசியில் பேசும் இடம் உன்னுடையது, அப்போது கொஞ்சம் கூடுதலாக ஆடலாம். எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டிய இடத்தில் இன்னும் கஞ்சத்தனமாக இரு. ஆட வந்தால் ரெய்ஸ் செய்து வா. இரண்டு ஏஸ் என்றால் ஒருவருக்கு எதிராக நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். அதையே சும்மா கால் பண்ணி ஐந்து பேரை உள்ளே விட்டால் 49 தடவைதான்.

இன்னொரு கணக்கு. நடுவில் 60 டாலர் இருக்கிறது, ஒருவர் 45 போடுகிறார். உன் இரண்டு சீட்டும் நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த நாலு சீட்டும் சேர்த்து உன்னிடம் நாலு ஆட்டின் (ஹார்ட்), இன்னும் ஒன்று வந்தால் ஃப்ளஷ். வர வேண்டியது ஒரே ஒரு சீட்டுதான். மீதி ஆட்டின் 9, நீ பார்க்காத சீட்டு 46. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 20 வாய்ப்பு. நீ 45 போட்டால் மொத்தம் 150 ஆகும், அதில் உன் பங்கு நூற்றுக்கு 30. 20 வாய்ப்புக்கு 30 விலை. வந்தபிறகு எதிராளியிடம் இன்னும் நிறையக் கறக்க முடியும் என்றால் ஒழிய, பணம் போடாமல் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடு. சீட்டைத் தூக்கிப் போட்ட பிறகு அந்த ஆட்டின் வரும், கண்டிப்பாக வரும், வயிறு எரியும். எரியட்டும்.

பிளஃப், அதாவது சீட்டே இல்லாமல் இருப்பது போலப் பந்தயம் கட்டுவது, பற்றிக் கேட்டாய். 1-3 மேஜையில் பிளஃப் அதிகம் வேண்டாம். அங்கே வருகிறவர்கள் கால் பண்ணுவதற்கென்றே வந்தவர்கள். எதிராளி சீட்டைப் பார்க்காமல் போக அவர்களுக்கு மனம் வராது. எனக்குக் கொஞ்சம் செல்லும். சுடிதார் போட்டுக்கொண்டு, சால்வை போர்த்திக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசாமல் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஆன்ட்டி திடீரென்று 60 டாலர் வைத்தால், அம்மாடி என்று இரண்டு பேர் ஓடுவார்கள். தொப்பியும் கூலிங் கிளாஸும் போட்ட இருபத்தாறு வயசுப் பையனை யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் உனக்கு நல்ல சீட்டு வரும்போது தாராளமாக ரெய்ஸ் செய், உன் சீட்டைப் பார்க்க என்றே காசு போடுவார்கள். தயவுசெய்து கூலிங் கிளாஸ் மட்டும் போடாதே.

2003இல் போக்கர் வேர்ல்டு சீரீஸ் போட்டியில் ஒரு கணக்காளர், கிறிஸ் மணிமேக்கர், இன்டர்நெட்டில் சின்ன ஆட்டம் ஆடி உள்ளே வந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தார். என் தொழில்காரர் என்பதால் எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமை. நீங்கள் எல்லோரும் அவர் வீடியோவைத்தான் பார்க்கிறீர்கள். அந்த வருஷம் ஆடியவர்கள் 839 பேர். மற்ற 838 பேர் வீட்டுக்குப் போனதை யார் வீடியோ எடுத்தார்கள்?

பணத்தைப் பற்றி நீண்ட பிரசங்கம் வேண்டாம். 400 டாலர் ரொக்கமாக எடுத்துப் போ, கார்டை ஓட்டல் லாக்கரில் வை. முதல் 200 போனால் எழுந்து வெளியே போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா. அதற்கு அப்புறமும் ஆடத் தோன்றினால் இரண்டாவதை எடு. அதுவும் போனால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. நண்பனிடம் கடன் வாங்காதே, நண்பனுக்கும் கொடுக்காதே. கொடுக்காவிட்டால் ஒரு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான், பரவாயில்லை. குடிக்கிறவர்களுக்கு அங்கே ஓசியில் கொண்டுவந்து தருவார்கள், ஏன் என்று யோசித்துக்கொள். ஜெயித்துக்கொண்டிருந்தால் நடுவில் சிப்பை எடுத்துப் பையில் போடக் கூடாது, அது விதி. எழுந்து போகும்போது மொத்தமாக எடுத்துப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எதை எப்படி ஆடினாய் என்று எனக்கு எழுது. முதலில் யார் பேசினார்கள், யாரிடம் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்து எழுது, இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. கடைசிச் சீட்டில் எவனோ அதிர்ஷ்டத்தில் அடித்துவிட்டான் என்ற கதையை மட்டும் அனுப்பாதே. அட்லாண்டிக் சிட்டி போர்காட்டா காசினோவில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் உட்காராதே. ஞாயிறு எட்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும், உன் நண்பர்களில் யாரையும் நம்பி ஸ்டியரிங்கைக் கொடுக்க எனக்கு மனமில்லை. பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டியதும் போன் பண்ணு. அப்பா எடுத்தால் ஹூவர் அணை பார்க்கப் போனோம் என்று சொல்லிக்கொள்.

அன்புடன்,
அம்மா