அந்தப் பையன் ஏன் பேசவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தை ஒருவழியாகப் பார்த்து முடித்தேன், மனதில் ஒன்றுமே ஒட்டவில்லை என்று நீ சொன்னாய். உனக்குப் பொறுமை இல்லை என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். நீ "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம், அதுவும் அப்பாவுக்குப் பிடித்த படம் என்பதற்காகவே உட்கார்ந்து பார்த்த பிள்ளையிடம் சொல்லும் சொல்லா அது? தப்பு என்னுடையது. போனில் இதைச் சொன்னால் "விடுங்கப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "எல்லாரும் காவியம்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் ஒண்ணும் தோணலையே, குறை என்கிட்டயா?" என்றாய். எல்லாரும் சொல்லவில்லை, பாப்பா. எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. 1968 ஏப்ரலில் படம் வெளிவந்தபோதே பாதியில் எழுந்து போனவர்கள் பலர். முதல் காட்சி முடிந்த சில நாட்களுக்குள் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் படத்திலிருந்து சுமார் 19 நிமிடங்களை வெட்டினார். நியூயார்க் டைம்ஸில் ரெனாட்டா ஆட்லர், இந்தப் படம் ஆளை மயக்குவதற்கும் பயங்கரமாக அலுப்பூட்டுவதற்கும் நடுவில் எங்கோ நிற்கிறது என்று எழுதினார். இன்னொரு விமர்சகர் பாலின் கேல் இன்னும் கடுமை. படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது அதிலுள்ள கற்பனை வறட்சி என்பதுதான் அவருடைய தீர்ப்பு. நியூஸ்டே பத்திரிகையில் எழுதிய ஜோசப் கெல்மிஸ் முதலில் குறை சொல்லி எழுதிவிட்டு, இன்னொரு முறை பார்த்து, மனம் மாறி, அதையும் எழுதினார். அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அச்சில் வந்துவிட்ட தன் கருத்தைத் தானே திருத்திக்கொள்வது லேசான காரியம் இல்லை.

2022-ல் சைட் அண்ட் சவுண்ட் என்ற சினிமா இதழ், எல்லாக் காலத்திலும் சிறந்த படம் எது என்று வாக்கெடுப்பு நடத்தியபோது உலகெங்கும் உள்ள இயக்குநர்கள் இதைத்தான் முதல் இடத்தில் வைத்தார்கள். விமர்சகர்களின் பட்டியலில் ஆறாம் இடம். சரி, இருக்கட்டும். இதெல்லாம் உன் அலுப்பைப் பொய்யாக்கிவிடாது.

யாருக்கும் யார்மேலும் பாசம் இல்லை, படம் முழுக்கக் குளிராக இருக்கிறது என்றாயே, அதைச் சொன்னவர்களில் சாதாரண ஆள் இல்லாத ஒருவரும் உண்டு. ரஷ்ய இயக்குநர் ஆந்த்ரே தார்க்கோவ்ஸ்கிக்கு இந்தப் படம் உயிரில்லாததாகப் பட்டது. 1972-ல் அவர் எடுத்த 'சோலாரிஸ்' படமும் விண்வெளிக் கதைதான். ஆனால் அதன் முடிவில் மகன் அப்பாவின் முன்னால் மண்டியிட்டு அவரைக் கட்டிக்கொள்கிறான். ஒரு படத்தின்மேல் வந்த கோபத்துக்கு இன்னொரு படத்தாலேயே பதில் சொன்ன மாதிரி எனக்கு அது தோன்றும். நீ தார்க்கோவ்ஸ்கி பக்கம் நிற்கிறாய். நல்ல பக்கம்தான்.

நான் முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு இருபது வயது. கூட வந்த நண்பன் விண்வெளிக் காட்சிகளை வாயைத் திறந்தபடி பார்த்தான். காற்றில்லாத இடத்தில் சத்தம் கேட்காது என்பதை மதித்து எடுத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். கடைசி இருபது நிமிடத்தில் அந்தச் சந்தோஷமெல்லாம் போய்விட்டது. வண்ண வெளிச்சம், ஒரு படுக்கையறை, ஒரு கிழவர், ஒரு குழந்தை. "காசு வாங்கிட்டு ஏமாத்திட்டான்" என்றான். எனக்கோ அந்த எலும்பு போதும். மனிதக்குரங்கு எலும்பை மேலே வீசுகிறது, அது சுழன்று இறங்குவதற்குள் விண்கலமாக மாறிவிடுகிறது. நாற்பது லட்சம் வருடம் ஒரே வெட்டில்! அன்று நடுராத்திரி வரை நடந்துகொண்டே சண்டை போட்டோம். இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பார்த்தோமா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

பின்னால்தான் ஒன்று தெரிந்தது. எலும்புக்கு அடுத்து வரும் அந்தக் கலங்களை அணு ஆயுதம் சுமந்து பூமியைச் சுற்றுபவையாகத்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள். படத்தில் அதை யாரும் சொல்வதில்லை. இருபது வயதில் நான் மனித முன்னேற்றம் என்று கைதட்டிய இடம், ஓர் ஆயுதத்திலிருந்து இன்னோர் ஆயுதத்துக்குப் போன தாவல்! நான் கைதட்டியதும் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். படம் வாயைத் திறக்கவில்லை, நான் என்ன செய்வேன்?

இத்தனை சண்டைக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. இந்தப் படம் முதலில் பேசுகிற படமாகத்தான் இருந்தது. ஆரம்பத்தில் விஞ்ஞானிகளின் பேட்டிகளை வைக்க குப்ரிக் நினைத்திருந்தார். படமும் பிடித்தார். பின்னணியில் ஒரு குரல் கதையை விளக்குவதாகவும் இருந்தது. இரண்டையும் தூக்கிவிட்டார். வேற்றுக்கிரகவாசிகள் எப்படி இருப்பார்கள் என்று பல விதமாகச் செய்து பார்த்து, கடைசியில் காட்டவே வேண்டாம் என்று விட்டார்கள். அலெக்ஸ் நார்த் எழுதிக்கொடுத்த இசைகூட வேண்டாமென்று போய்விட்டது. படத்தைப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் அது அவருக்கே தெரிந்ததாம், பாவம். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் படத்தோடு கூடவே எழுதிய நாவலில் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது. படத்தில் அந்த விளக்கமெல்லாம் இருந்த இடம் காலி. காலி இடத்தில் அவரவர் தங்களிடம் இருப்பதைத்தானே வைக்க முடியும்? என் நண்பனுக்கு அது ஏமாற்று வேலை, எனக்கு அது ஆனந்தம். அர்த்தம் கேட்டவர்களிடம் குப்ரிக் மோனாலிசாவைச் சொன்னார். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று டாவின்சி படத்துக்குக் கீழேயே எழுதிவைத்திருந்தால் அது இப்படி ரசிக்கப்படுமா என்பது அவர் கட்சி.

அம்மாவின் கட்சி வேறு. அம்மாவுக்கு இந்தப் படத்தில் மனிதன் என்று இருப்பது கப்பலின் கம்ப்யூட்டரான ஹால் ஒன்றுதான். ஹால் 9000-ஐ நிறுத்தும் காட்சி வந்தால் அவளால் உட்கார முடியாது, எழுந்து போய்விடுவாள். விண்வெளி வீரன் போமன் அதன் நினைவுக் கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கிறான். அவனுடைய மூச்சுச் சத்தம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஹாலுக்காகப் பேசிய டக்ளஸ் ரெயினின் அந்த அமைதியான குரல், எனக்குப் பயமாக இருக்கிறது, என் மனம் போய்க்கொண்டிருக்கிறது, என்னால் உணர முடிகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. அப்புறம் 'டெய்ஸி' பாட்டு, இழுத்து இழுத்து, அடியில் போய் நின்றுவிடும். கதைக்காகச் சும்மா எடுத்த பாட்டு இல்லை அது. 1961-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஐபிஎம் 704 கம்ப்யூட்டர் பாடிய பாட்டே அதுதான். கிளார்க் அங்கே போயிருந்தபோது கேட்டிருக்கிறார். முதன்முதலில் பாடக் கற்றுக்கொண்டதைச் சாகும்போது பாடுகிறது. அது நாலு பேரைக் கொன்றிருக்கிறதே என்று நான் ஒருமுறை சொன்னேன். "செஞ்சது தப்புதான். அதுக்காக அது பயந்தது பொய்யாயிடுமா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. படத்திலும் வராது. ஹாலுக்கு நிஜமாகவே உணர்ச்சி உண்டா என்று பேட்டி எடுப்பவர் கேட்கும்போது, அதை யாராலும் உண்மையாகச் சொல்ல முடியாது என்றுதான் போமனும் சொல்கிறான்.

நீ போனில் சொன்னாயே, "மெஷின்தாம்பா மனுஷன் மாதிரி இருக்கு, மனுஷங்க மெஷின் மாதிரி" என்று. அம்மா பார்த்ததும் அதையேதான். நீ அதைப் படத்தின் குறை என்கிறாய், அவள் அதைப் படத்தின் துக்கம் என்கிறாள். ஒரு நாள் இரண்டு பேரும் இதைப் பேசுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

இனி என் பங்கு. உன்னிடம் சொல்ல நினைத்தது இதுதான், மேலே உள்ளதெல்லாம் எழுத எழுத வந்துவிட்டது.

படத்தில் இரண்டு பிறந்தநாள் வருகிறது. முதலாவது, விஞ்ஞானி ஹேவுட் ஃப்ளாய்ட் விண்வெளி நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கூப்பிடுவது. திரையில் ஒரு சின்னப் பெண், இருந்த இடத்தில் இருக்காமல் நெளிந்துகொண்டே பேசுகிறாள். மறுநாள் அவளுடைய பிறந்தநாளுக்கு வர முடியாது என்கிறார் அப்பா. என்ன வேண்டும் என்று கேட்டால் டெலிபோன் என்கிறாள். அவருக்குப் பின்னால் ஜன்னலில் பூமி சுற்றிக்கொண்டிருக்கிறது. பேசி முடித்ததும் கட்டணம் 1 டாலர் 70 சென்ட் என்று காட்டும். அந்தப் பெண் குப்ரிக்கின் சொந்த மகள் விவியன். இருபது வயதில் இந்தக் காட்சியை எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஐந்தாவது பிறந்தநாளில் நான் வேலை விஷயமாக வெளியூரில் மாட்டிக்கொண்டு உனக்கு போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு என்மேல் கோபம். நீ பேசவில்லை. பொம்மையின் வாயை ரிசீவரில் வைத்து அதைப் பேசச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாய். நான் ஒரு நிமிடம் பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு இந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிந்ததில்லை.

இரண்டாவது பிறந்தநாள்தான் நீ குறிப்பாகக் கோபப்பட்ட இடம். போமனோடு போகும் இன்னொரு வீரன் ஃப்ராங்க் பூல் வியாழனுக்குப் போகும் வழியில் விளக்குகளுக்கு அடியில் படுத்திருக்கிறான். திரையில் அவன் அப்பாவும் அம்மாவும் கேக்கை வைத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்கிறார்கள், யார் யார் விசாரித்தார்கள் என்கிறார்கள், அவனுடைய சம்பள விவகாரத்தைப் பேசுகிறார்கள், இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிறார்கள். அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. "பெத்தவங்க பாடுறாங்க, இவன் கட்டை மாதிரி கிடக்கான்" என்றாய்.

ஒன்றை யோசித்துப் பார். அது பேச்சு இல்லை, பதிவு. அதற்குச் சற்று முன்னால் வரும் தொலைக்காட்சிப் பேட்டியிலேயே, ஒரு வார்த்தை அந்தக் கப்பலுக்குப் போய்ச் சேர ஏழு நிமிடம் ஆனது, அந்த இடைவெளியை வெட்டிவிட்டோம் என்று சொல்லிவிடுகிறார்கள். அவன் பதில் சொன்னாலும் கேட்க அங்கே யாரும் இல்லை. அவர்கள் பாடி முடித்துவிட்டு விளக்கை அணைத்துப் படுக்கக்கூடப் போயிருக்கலாம். பதில் கேட்காத இடத்தில் மனிதன் எந்த முகத்தோடு இருப்பான்? நான் அந்தக் காட்சியில் பூலைப் பார்ப்பதில்லை, அந்தப் பெற்றோரைப் பார்க்கிறேன். பிள்ளை கேட்கிறானா, சிரிக்கிறானா என்று தெரியாமலே கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களை நாம் அப்புறம் பார்ப்பதே இல்லை. பாட்டு முடிந்ததும் ஹாலும் வாழ்த்துச் சொல்கிறது. பூல் அதற்கு நன்றி சொல்கிறான், தலைப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தச் சொல்கிறான். அன்று பக்கத்தில் இருந்து வாழ்த்திய அந்தக் குரல்தான் பிறகு அவனைக் கொல்கிறது, சத்தமே இல்லாமல். எனக்கு இது மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் உறைத்தது. நீ தூரமாகப் போன பிறகு பார்த்தது அது.

ஆனால் சிரிக்கக்கூட இல்லையேப்பா என்று நீ கேட்பாய். ஆமாம், சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான், கண்ணும் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், நீ சொல்வதே சரியாக இருக்கலாம். மொத்தப் படத்தையும் மறுபடி பார்க்கச் சொல்லமாட்டேன். இந்த ஒரு காட்சியை மட்டும், தூக்கம் வராத ஒரு ராத்திரியில், ஒரு தடவை போட்டுப் பார். வீட்டை விட்டுத் தூரத்தில் இருப்பது நீதான், நானில்லை. எங்கள் போனை வைத்த பிறகு அங்கே உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவனுடைய முகம் பொய்யா, நிஜமா என்று உனக்குத்தான் தெரியும். பார்த்துவிட்டு எழுது. பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று நாலு வரி கூடுதலாக எழுது, இந்த முறை நான் குறுக்கே பேசமாட்டேன்.

அன்புடன்,
அப்பா