சிமெண்ட் மூட்டை விலையைக் கொஞ்சம் கவனியுங்கள்: போட்டி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியப் போட்டி ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள், சென்னை மண்டல அலுவலக அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம். கம்பெனிகள் கூடிப் பேசி விலை வைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர், ஆவடி பக்கம் தனி வீடுகள் கட்டித் தரும் சின்ன கான்ட்ராக்டர். சதுர அடிக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசி முடித்துவிடுவோம். அப்புறம் கம்பி ஏறினாலும் சிமெண்ட் ஏறினாலும் ஒன்று என் கையைக் கடிக்கும், இல்லையென்றால் அவர் வாங்கிய கடன் கூடும்.

போன வருஷம் திருமுல்லைவாயலில் ஒரு வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட் போட நாள் குறித்திருந்தோம். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, மிக்சருக்கும் ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம், வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடையிலிருந்து போன். "அண்ணே, நாளையிலிருந்து மூட்டைக்கு முப்பது ரூபா ஏறுது." வேறு கம்பெனி சரக்கு போடுங்கள் என்றேன். "எல்லா கம்பெனியும்தாண்ணே. எங்களுக்கே மத்தியானம்தான் மெசேஜ் வந்துச்சு." பாடியில் ஒரு கடை, கொரட்டூரில் ஒரு கடை என்று கேட்டுப் பார்த்தேன். கம்பெனி பெயர் வேறு, மூட்டையின் நிறம் வேறு, ஏற்றம் மட்டும் எல்லா இடத்திலும் அதே முப்பது ரூபாய். எனக்குத் தேவைப்பட்டது 120 மூட்டை. வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பால்கனி டைல்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அந்த பால்கனி இன்னும் வெறும் சிமெண்ட் பூச்சாகத்தான் இருக்கிறது.

விலை இறங்கட்டும் என்று காத்திருக்க இது தங்கம் இல்லை. ஆட்களுக்குச் சொல்லிவிட்ட நாளைத் தள்ளிப்போட முடியாது. விலை குறைவாக இருக்கும்போது வாங்கி அடுக்கவும் முடியாது. மூன்று மாதம் போனால் சிமெண்டின் பலம் குறைய ஆரம்பிக்கும். ஐப்பசி மழை ஈரத்தில் அதற்கு முன்பே கட்டி தட்டிவிடும். எடை அதிகம் என்பதால் வெகுதூரத்து ஆலைச் சரக்கு லாரி வாடகையைத் தாங்காது. அரியலூர்ப் பக்கமும் ஆந்திராப் பக்கமும் இருக்கும் ஆலைகளை நம்பித்தான் சென்னை வீடு கட்டுகிறது. விற்பவர்கள் சிலர், பொருள் கிட்டத்தட்ட ஒன்று, வாங்குபவருக்கு வேறு வழி கிடையாது. கூடிப் பேசி விலை வைக்க இதைவிடத் தோதான சரக்கு எது?

எல்லாரும் ஒன்றாக ஏற்றியதாலேயே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரியும் டீசலும் ஏறினால் எல்லா ஆலைக்கும்தான் செலவு கூடும். 2002 போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தேடுவது, அவர்களுக்குள் பேச்சு நடந்ததா என்பதைத்தான். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

அதை நீங்கள் ஒரு முறை செய்தும் காட்டினீர்கள். கட்டுமானத் தொழில் செய்பவர்களின் சங்கம் கொடுத்த புகாரின் பேரில், 2012 ஜூனில் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தீர்கள். ஆலைகளின் திறனை முழுதாகப் பயன்படுத்தாமல் சரக்கைக் குறைத்தார்கள், தங்கள் சங்கத்தின் வழியாக விலைத் தகவலைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று எழுதினீர்கள். படித்தபோது எங்கள் வயிற்றெரிச்சலை யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தது. 2015 டிசம்பரில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையை ரத்து செய்தது. வாதங்களை நேரில் கேட்காத உங்கள் ஆணையத் தலைவர் அந்த ஆணையில் கையெழுத்திட்டிருந்தாராம். ஒரு கையெழுத்தால் மூன்றரை வருஷம் போனது. 2016 ஆகஸ்டில் மறுபடி ஆணையிட்டு, ஏறக்குறைய 6,700 கோடி விதித்தீர்கள். 2018 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

வழக்கு இப்படிப் படியேறிக்கொண்டிருந்த காலத்தில் சந்தை என்ன ஆனது என்று பாருங்கள். அந்த 11 பேரில் பினானி 2018இலும், செஞ்சுரியின் சிமெண்ட் தொழில் 2019இலும், இந்தியா சிமெண்ட்ஸ் 2024 டிசம்பரிலும் அல்ட்ராடெக்கின் கைக்குப் போயின. ஜேபியின் பல ஆலைகள் அதற்கு முன்பே, 2017இல் போய்விட்டன. ஏ.சி.சி.யும் அம்புஜாவும் 2022இல் அதானி குழுமத்திடம் சேர்ந்தன. இவ்வளவு பெரிய இணைப்புகளுக்கு அனுமதி தருவதும் நீங்கள்தான். தனித்தனி நிறுவனங்கள் கூடிப் பேசினால் குற்றம். எல்லாம் ஒரே நிறுவனம் ஆகிவிட்டால் பேச வேண்டிய தேவையே இருக்காது. எனக்கு இருக்கும் பெரிய பயம் இதுதான். அடுத்த இணைப்புக் கோப்பு மேசைக்கு வரும்போது, நாடு முழுவதற்குமான சந்தைப் பங்குச் சதவீதத்தோடு நிறுத்தாமல், சென்னைக் கடையில் வாங்குபவருக்கு எத்தனை பெயர் மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

நட்ட ஈடு கேட்க 53என் பிரிவு இருக்கிறதே என்பீர்கள். சரி, ஆனால் அது விதிமீறல் நடந்தது என்று முடிவான பிறகுதான். 2010இல் மூட்டைக்குக் கூடுதலாகக் கொடுத்தவரிடம் இன்றைக்கு அந்த பில் இருக்குமா? அதனால்தான் அபராதத்தைவிட, ஏறும் நேரத்திலேயே நீங்கள் கேட்கும் கேள்வி எங்களுக்கு முக்கியம்.

புகார் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தானாக முன்வந்து விசாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. உண்மை தெரிந்தவர்கள் டீலர்கள்தான், ஆனால் வாய் திறந்தால் சரக்கு நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். தகவல் தருபவரின் பெயரை ரகசியமாக வைக்க உங்கள் விதிகளில் வழி இருக்கிறது என்பதும், நடந்து மூன்று வருஷத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும் என்று 2023 திருத்தம் சொல்வதும் நான் விசாரித்த ஒரு கடைக்காரருக்கும் தெரியவில்லை. அதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து ஹார்டுவேர்ஸ் கடைகளுக்குக் கொடுங்கள். 2025 செப்டம்பரில் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்தக் குறைப்பு எங்கள் கைக்கு வந்ததா, வந்தது எத்தனை மாதம் நிற்கிறது என்று சென்னை அலுவலகம் வாராவாரம் விலையைக் குறித்து வெளியிட்டாலே போதும், விலை ஏற்றும் கம்பெனிகளில் பாதிப் பேர் யோசிப்பார்கள்.

மண்டல அலுவலகம் 2021இலேயே சென்னைக்கு வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் பாடியிலோ அம்பத்தூர் ஓ.டி.யிலோ ஏதாவது ஒரு கடையில் வந்து உட்காருங்கள். ஐந்து வருஷத்து சிமெண்ட் பில்களைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து ஒரு கட்டட கான்ட்ராக்டர்