மண்டேலா விட்டுக்கொடுத்தாரா? ராஜாமணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராஜாமணி,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் திருச்சிக்கே மாற்றலாகி வந்துவிட்டாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன நடையை நீ நடக்கமாட்டாய் என்று விசாலத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு வாசகர் வட்டத்தில் தென்னாப்பிரிக்கா பற்றிப் பேச்சு வந்தது. ஒரு பையன் எழுந்து, "மண்டேலா விட்டுக்கொடுத்துவிட்டார். நிலமும் பணமும் வெள்ளையர்களிடம், கறுப்பர்களுக்கு ஓட்டு மட்டும்" என்றான். பாதிப் பேர் கைதட்டினார்கள். 1994-லேயே டீக்கடையில் நீ போட்ட சண்டைதானே இது! அன்று உன்னிடம் முழுசாகச் சொல்ல முடியாததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

1993 ஏப்ரல் 10. கிறிஸ் ஹானியை அவர் வீட்டு வாசலிலேயே ஒரு வெள்ளையன் சுட்டுக் கொன்றான். கறுப்பின இளைஞர்கள் மண்டேலாவுக்கு அடுத்தபடியாகக் கொண்டாடிய தலைவர் அவர். நாடே பற்றி எரியும் நிலை. அப்போது ஜனாதிபதி வெள்ளையரான டி கிளர்க்தான். ஆனால் அந்த நாட்களில் தொலைக்காட்சியில் மக்களிடம் பேசியவர், அரசுப் பதவி எதுவும் இல்லாத மண்டேலா. கொன்றவன் வெள்ளையன் என்றார். கூடவே, கார் நம்பரைக் குறித்துச் சொல்லி அவனைப் பிடிக்க வைத்தவரும் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஆஃப்ரிக்கானர் (அங்கே குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்தவர்கள்) இனத்தவர் என்றார். சொந்தப் பிள்ளை மாதிரி ஒருவனைப் பறிகொடுத்த நேரத்தில் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், ராஜாமணி! அந்தச் சாவுக்குப் பிறகு மண்டேலாவின் கட்சி, கறுப்பர்களும் ஓட்டுப் போடும் முதல் பொதுத் தேர்தலின் தேதியை அறிவிக்கச் சொல்லி நெருக்கியது. 1994 ஏப்ரல் 27 என்று முடிவானது. பணிந்து போகிறவர்கள் செய்கிற வேலையா இது?

ஜெனரல் கான்ஸ்டண்ட் வில்யூன் கதையும் அப்படித்தான். ராணுவத்தின் முன்னாள் தளபதி. கறுப்பர் ஆட்சியை எதிர்க்கக் கூப்பிட்டால் ஆயுதத்தோடு வர ஆயிரக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள். மண்டேலா அவரைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஆஃப்ரிக்கானர்களின் மொழியான ஆஃப்ரிக்கான்ஸிலேயே பேசினார். சிறையில் கற்ற மொழி அது. கடைசியில் வில்யூன் துப்பாக்கியை விட்டுத் தேர்தலுக்கு வந்தார், ஒன்பது இடம் பிடித்தார். உள்நாட்டுப் போர் ஒன்று அங்கே நின்றது என்பேன்.

எனக்குப் பிடித்தது 1995-ல் ஒரானியா போனது. நிறவெறிச் சட்டங்களைக் கட்டியெழுப்பிய முன்னாள் பிரதமர் வெர்வூர்டின் மனைவி, தொண்ணூறு தாண்டிய பாட்டி, வெள்ளையர் மட்டுமே வாழும் அந்த ஊரில் இருந்தார். அவரால் பயணம் செய்ய முடியாது என்றதும், அப்போது ஜனாதிபதியாகிவிட்ட மண்டேலாவே கிளம்பிப் போனார். வெள்ளையருக்குத் தனி நாடு கேட்டு எழுதி வைத்திருந்ததைப் படிக்கப் பாட்டியிடம் கண்ணாடி இல்லை; தடுமாறியபோது பக்கத்தில் நின்று அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தவர் மண்டேலா. தனி நாட்டைக் கொடுக்கவில்லை. வார்த்தையை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் அந்தப் பையனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது போக வேண்டிய இடம் வேறு. நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணையம் வைத்தார்களே, அது சும்மா மன்னிக்கவில்லை. அரசியல் காரணத்துக்காகச் செய்ததை முழுசாக ஒப்புக்கொண்டால்தான் பொதுமன்னிப்பு. ஏழாயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள். கிடைத்தது 849 பேருக்கு. மற்றவர்கள்மேல் வழக்கு போட்டிருக்க வேண்டாமா? பின்னால் வந்த அரசுகள் பெரும்பாலும் கிடப்பில் போட்டன.

நிறவெறியை எதிர்த்துப் போலீஸ் காவலில் இருந்த அகமது திமோல் என்ற ஆசிரியர் 1971-ல் ஜோஹன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்று எழுதி மூடினார்கள். அவருடைய அம்மா ஆணையத்தின் முன் வந்து உண்மை கேட்டார். கொலைதான் என்று நீதிமன்றம் சொன்னது 2017-ல். அப்புறம் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் போலீஸ்காரர் விசாரணை தொடங்கும் முன்பே 2021-ல் இறந்துபோனார். இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மண்டேலா தன்னைச் சிறையில் வைத்தவர்களை மன்னித்தார். அது அவர் உரிமை. திமோலின் அம்மாவுக்கு வர வேண்டிய நீதியைத் தள்ளிப்போட எந்த அரசுக்கும் உரிமை இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி அவர்மேல் பழி போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பையன் அடுத்த கூட்டத்துக்கும் வருகிறான். நீயும் வந்து உன் கட்சியைப் பேசு. ஆனால் 1993-ல் நீ அந்த இடத்தில் இருந்தால் வில்யூனை என்ன செய்திருப்பாய் என்று யோசித்துக்கொண்டு வா. விசாலத்தையும் கூட்டி வா.

அன்புடன்,
கணேசன்