பராமரிப்பு நிலையங்களில் ஓர் இரவல் அலுமாரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜனவரி நெருங்கும்போது கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை விலைகள் பற்றி உங்கள் பத்திரிகை தவறாமல் எழுதுகிறது. பாடசாலை வயது வராத பிள்ளைகள் இருக்கும் வீடுகளின் செலவைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1980 முதல் பாடநூல், 1993 முதல் சீருடை. எல்லாமே பிள்ளை தரம் ஒன்றில் காலடி வைத்த பிறகு கிடைப்பவை. மூன்று, நான்கு வயதில் மொன்டிசோரிக் கட்டணம், பகல்நேரப் பராமரிப்புக் கட்டணம், பிரிஸ்டல் போட், பாஸ்டல், பசை அத்தனையும் வீட்டுக் காசு. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். அந்த வருடம் ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. பெரிய பிள்ளைக்குக் கொப்பி வாங்கியே ஆகவேண்டும். அதனால் சின்னப் பிள்ளையின் வர்ணப் பெட்டி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும், பிறகு அதற்கடுத்த மாதத்துக்கு.

கொட்டாஞ்சேனையில் என் பேத்தி போகும் பராமரிப்பு நிலையத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் காத்துநிற்கும் விறாந்தையில் ஒரு பழைய மர அலுமாரி இருக்கிறது. அதற்குப் பூட்டு இல்லை. மேல்தட்டில் இருப்பவை திரும்பி வரவேண்டாதவை: தாள், பசை, பென்சில், பாதி தேய்ந்த பாஸ்டல், தையற்கடைத் துணித்துண்டுகள். கீழ்த்தட்டுகளில் இருப்பவை இரவல்: முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல், மரக்கட்டைகள், மணிச்சட்டம், எழுத்து அட்டைகள், பஸில், படக்கதைப் புத்தகங்கள். ஒவ்வொன்றும் ஒரு துணிப்பையில் இருக்கும். பைக்குள் என்னென்ன இருக்கிறது என்பதை ஓர் அட்டையில் வரைந்து பையோடு கட்டியிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாத பாட்டியும் படத்தைப் பார்த்துச் சரிபார்த்துக் கொடுக்கலாம். பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு கொப்பி. அதில் பொருளின் பெயர், எடுத்த தேதி, பிள்ளையின் பெயர். வேறொன்றும் எழுத வேண்டியதில்லை.

முன்பணம் கிடையாது. ஏன் வேண்டும் என்ற கேள்வியும் கிடையாது. புதிதாக வந்த ஒரு தாய் கைப்பையைத் திறந்துகொண்டே "எவ்வளவு ரீச்சர்?" என்று கேட்டார். "விளையாடி முடிஞ்சதும் கொண்டு வாங்க" என்பதோடு ரீச்சர் முடித்துவிட்டார். பஸிலில் ஒரு துண்டு தொலைந்தால் தண்டம் இல்லை. அட்டையில் அதே வடிவத்தில் ஒன்றை வெட்டி, தொலைத்த பிள்ளையிடமே வர்ணம் தீட்டக் கொடுக்கிறார்கள். சில பைகள் திரும்பாமலும் போகின்றன. அதற்காக யாரும் யாரையும் விறாந்தையில் நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எல்லா வீட்டாரும் எடுக்கலாம் என்பதுதான் இதில் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். வங்கியில் வேலை செய்கிறவரின் மகனும் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவரின் மகளும் ஒரே அலுமாரியில்தான் பை எடுக்கிறார்கள். வசதி குறைந்தவர்களுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருந்தால் அந்தத் தாய்மாரில் பாதிப்பேர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கவே மாட்டார்கள். கற்றல் உபகரணம் வழங்கும் நிகழ்வுகளைப் பார்க்கும்போது இதை நினைத்து மனம் நோகிறது. பிள்ளை கையை நீட்டி நிற்க வேண்டும், கொடுப்பவர் கமராவைப் பார்க்க வேண்டும், படம் முகநூலில் வரவேண்டும். கொடுக்கிறவர்களின் நல்ல மனதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களை எடுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். நான்கு வயதுப் பிள்ளைக்கும் வெட்கம் உண்டு.

கொழும்புக்கு இரவல் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே 'தோட்டம்' என்று சொல்லும் நெருக்கமான வரிசை வீடுகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் ஓர் அறைக்குள் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் நடக்கின்றன. மரக்கட்டைப் பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கினாலும் வைக்க இடமில்லை, சில வாரங்களில் பிள்ளைக்கும் அது அலுத்துவிடும். இரவல் என்றால் வெள்ளிக்கிழமை ஒரு பை வீட்டுக்கு வரும், அது போனதும் வேறொன்று வரும். அந்த வயதில் வெட்டுவதும் ஒட்டுவதும் உருட்டுவதும் மணி கோப்பதும்தான் விரல்களுக்குப் பலம் கொடுத்து, பின்னாளில் பென்சில் பிடிக்க வைக்கின்றன. வீட்டுப்பாடக் கொப்பியைத் திணித்து எழுத வைப்பதைவிட, அம்மம்மாவோ தாத்தாவோ பக்கத்தில் இருந்து கதை சொல்ல, பிள்ளை பழைய கலண்டரின் பின்பக்கத்தை வெட்டி ஒட்டுவது எவ்வளவோ மேல்.

இது புது யோசனையும் அல்ல. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸில், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1935இல் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார்கள். நம்முடைய கொழும்பு பொது நூலகம் அதற்கும் முந்தியது, 1925இல் தொடங்கியது. புத்தகத்தை நம்பிக் கொடுத்துத் திரும்ப வாங்கும் பழக்கம் இந்த நகரத்துக்கு நூறு வருடமாக இருக்கிறது. மாநகர சபையின் கிளை நூலகங்களும் வாசிகசாலைகளும் சிறுவர் பகுதியில் ஒரே ஒரு தட்டை இதற்கு ஒதுக்கினால், பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது எட்டும்.

பெரிய செலவும் தேவையில்லை. அச்சகங்களில் வெட்டி ஒதுக்கும் தாள் விளிம்புகள் தினமும் குப்பைக்குப் போகின்றன. பிள்ளைக்கு அவை நல்ல தாள். மரக்கட்டைகளைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைக்க வாரத்தில் ஒரு மாலை போதும். எங்கள் நிலையத்தில் பெற்றோர் முறைவைத்துச் செய்கிறார்கள்.

உங்கள் வாசகர்களில் அச்சகமோ தையற்கடையோ நடத்துகிறவர்கள் இருந்தால், பக்கத்து முன்பள்ளிக்குப் போய் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். புத்தகம் கொடுக்க நினைப்பவர்கள் தமிழ்ப் படக்கதைகளாகக் கொடுத்தால் நல்லது. எங்கள் அலுமாரியில் ஆங்கிலமும் சிங்களமும் போதிய அளவு இருக்கின்றன, தமிழ் கையளவுதான். இன்னொன்று, இடக்கைப் பிள்ளைகளுக்கான கத்தரிக்கோல். கடைகளில் தேடிக் கிடைக்கவில்லை. விற்கும் இடம் தெரிந்தவர்கள் உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் பல ரீச்சர்மாருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13